ஸ்பவுஸ் விசாவில் இருக்கும்போது நான்கு மாதம் ஊரில் தங்கினால் பிரிட்டன் பிஆர் பாதிக்குமா?

கேட்டவரின் நிலை இது: கணவர் பிரிட்டிஷ் குடிமகன். இவர் ஸ்பவுஸ் விசாவில் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன், நான்கு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் ஐஎல்ஆர் (பிரிட்டனில் காலவரையின்றித் தங்கும் அனுமதி, பிஆர் என்று நாம் சொல்வது இதைத்தான்) கைநழுவிவிடுமோ என்று பயப்படுகிறார்.

போய் வாருங்கள். இதே பயத்தோடு 2022 செப்டம்பரில் விமானம் ஏறியவள் நான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. திரும்பி வர பிப்ரவரி ஆகிவிட்டது, மொத்தம் 146 நாள். அடுத்த ஆகஸ்டில் ஸ்பவுஸ் விசாவில் ஐந்து வருடம் முடிந்து ஐஎல்ஆருக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது.

உங்களிடம் யாராவது “180 நாளைத் தாண்டினால் அவ்வளவுதான்” என்று சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். அது வேலை விசாவில் வந்தவர்களுக்கான விதி. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பது அவர்களுக்குத்தான். நம் விசாவுக்கு அப்படி ஒரு நாள் கணக்கு கிடையாது. நீங்களும் கணவரும் பிரிட்டனிலேயே சேர்ந்து வாழ்கிறீர்களா, இனியும் அப்படித்தான் வாழப்போகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். வெளியே இருந்த காலத்துக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். ஐந்து வருடத்தில் பாதிக்கு மேல் ஊரிலேயே இருந்தால் கேள்வி வரும். நான்கு மாதம் அப்பாவுக்காக என்றால் தாராளமாக விளக்கலாம்.

ஆனால் விளக்கக் காகிதம் வேண்டும். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோதெரபி ரசீதுகள், கிறிஸ்துமஸ் லீவில் கணவர் வந்து போன டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு பக்கக் கடிதத்தோடு வைத்தேன். இருவர் பெயரிலும் உள்ள கவுன்சில் டாக்ஸ், பேங்க் கடிதம், கேஸ் பில் போன்றவை நீங்கள் இல்லாத மாதங்களிலும் அதே முகவரிக்கு வந்துகொண்டே இருக்கட்டும். ஊருக்குப் போகிறோமே என்று எந்தக் கணக்கிலிருந்தும் பெயரை எடுத்துவிடாதீர்கள்.

தேதிகளையும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். நான் பாஸ்போர்ட்டை நம்பி உட்கார்ந்தேன். பார்த்தால் ஹீத்ரோவில் எனக்கு முத்திரையே போடவில்லை, இருந்ததெல்லாம் இந்திய முத்திரைகள். லண்டனில் கிளம்பியது 10-ஆம் தேதி, சென்னை முத்திரையில் 11. இந்த ஒரு நாள் வித்தியாசத்தைச் சரிசெய்ய பழைய மின்னஞ்சலில் போர்டிங் பாஸைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சம்பளமில்லாத லீவு எடுப்பதாக இருந்தால் இதையும் யோசியுங்கள். வருமான நிபந்தனைக்குப் பெரும்பாலும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாத பே ஸ்லிப்களைத்தான் காட்டுகிறோம். அந்த ஆறு மாதத்துக்குள் சம்பளம் குறைந்தால் சிக்கல். எனக்குக் கணவரின் சம்பளமே போதுமானதாக இருந்ததால் தப்பித்தேன். உங்கள் விசா 33 மாதம் என்றால் எக்ஸ்டென்ஷனுக்கு இன்னும் ஒரு வருடம் போல இருக்கிறது, ஆகவே இப்போதே போய்விட்டு வருவதுதான் நல்லது.

நாள் கணக்கு உண்மையில் கடிப்பது குடியுரிமையில். பிரிட்டிஷ் குடிமகனின் மனைவிக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருடத்தில் 270 நாள், கடைசி 12 மாதத்தில் 90 நாள், அதுதான் வரம்பு. கிளம்பும் நாளும் வந்திறங்கும் நாளும் கணக்கில் சேராது. ஐஎல்ஆர் வந்த கையோடு அதற்கும் போட்டுவிடலாம் என்றிருந்தேன். கூட்டிப் பார்த்தால் கடைசி 12 மாதத்தில் 90-ஐத் தாண்டியிருந்தது. நவம்பர் வரை பொறுத்திருந்து போட்டேன். சரி, அம்மா வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேனே, அதற்கு அந்த இரண்டு மூன்று மாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அப்புறம், இதில் மட்டும் கொஞ்சமும் அசட்டை வேண்டாம். எக்ஸ்டென்ஷனோ ஐஎல்ஆரோ போட்டுவிட்டு முடிவு வருவதற்குள் பொதுப் பயணப் பகுதியை (பிரிட்டனும் அயர்லாந்தும் அவற்றை ஒட்டிய சில தீவுகளும் சேர்ந்தது) தாண்டி வெளியே போனால், விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தாள், முடிவு வரவில்லை, கடைசியில் வீடியோ காலில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தாள். விதிகளும் அடிக்கடி மாறுகின்றன, அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்பாவின் ஆபரேஷன் தேதி முடிவானதும் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எத்தனை வாரம் கூட ஆள் இருக்க வேண்டும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். அப்பா சீக்கிரம் தேறி வரட்டும்.