மிளகாயில் வாடல்: டிரைக்கோடெர்மாவை எப்போது விடுவது?

கேள்வி: தாராபுரம் பக்கம் செம்மண் தோட்டத்தில் ஒரு ஏக்கர் மிளகாய் வைத்திருக்கிறேன். சொட்டுநீர்ப் பாசனம், நட்டு 2 மாதம். பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடிகள் அங்கங்கே வாடிச் சாய்கின்றன. போன வாரம் கார்பன்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லி மருந்தைக் கரைத்து ஊற்றினேன். இப்போது டிரைக்கோடெர்மா விடலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம் அய்யா. டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம், ஆனாலும் அதுவும் பூஞ்சணம்தான். கார்பன்டசிம் ஊற்றிய மண்ணில் உடனே விட்டால் அதுவும் சேர்ந்து சாகும், காசு வீண். 15 நாளாவது போகட்டும்.

அதற்குள் நோய் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிய செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பட்டைக்கு உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பியூசேரியம் என்ற பூஞ்சணத்தால் வரும் வாடலாக இருக்கலாம். பாக்டீரியா வாடலிலும் தண்டு இப்படிப் பழுப்பேறும் என்பதால், இன்னொரு தண்டை நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டிய முனை மட்டும் படும்படி சில நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பால் நிறத்தில் இழை இழையாக இறங்கினால் அது பாக்டீரியா, கார்பன்டசிமுக்குக் கேட்காது. வேரில் முடிச்சுகள் தெரிந்தால் வேரைத் துளைக்கும் நுண்புழுவான நூற்புழுவும் இருக்கிறது. அது போடும் காயம் பூஞ்சணத்துக்குத் திறந்துவிட்ட கதவு.

பியூசேரியம்தான் என்றால், வாடிய செடி இனித் தேறாது. இருக்கிற காயாவது பழுக்கட்டும் என்று விட்டுவைக்காமல் வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். வாய்க்காலில் எறிந்தால் நோய் தண்ணீரோடு அடுத்த தோட்டத்துக்கும் போகும். சுற்றியுள்ள செடிகளுக்கு, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து வேரடியில் ஊற்றுங்கள். இது நன்மை செய்யும் பாக்டீரியா, கார்பன்டசிம் இதை அவ்வளவாகப் பாதிக்காது. தூளைச் சொட்டுநீரில் விட்டால் துளை அடைத்துக்கொள்ளும், கையால் ஊற்றுவதே மேல்.

இந்த 15 நாளில் டிரைக்கோடெர்மாவை எருவில் பெருக்குங்கள். நன்கு மக்கிய தொழு உரம் 100 கிலோ, பொடித்த வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ மூன்றையும் கலந்து மர நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. இடையில் ஓரிரு முறை கிளறிவிடுங்கள். எருவில் பச்சை படரும்போது எடுத்து வேரோரம் வைத்து மண் அணையுங்கள். ஆழமாகக் கொத்தி வேரை அறுத்துவிடாதீர்கள். பாக்கெட்டை வாங்கும்போதே தயாரித்த தேதியைப் பாருங்கள். வெயிலில் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்காது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையிலேயே கிடைக்கும்.

செடி நிற்கும்போது செய்வதெல்லாம் பரவலைக் குறைக்கத்தான் உதவும். அடுத்த வெள்ளாமைக்கு நாற்றிலிருந்தே தொடங்குங்கள். இந்த வயலில் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றையும் தள்ளிவைத்து இரண்டு மூன்று வருடம் மக்காச்சோளமோ சோளமோ போடுங்கள். வேறு வயலில் மிளகாய் வைப்பதானால், சொந்த விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதையுங்கள். வீரிய ரக விதை பெரும்பாலும் மருந்து பூசிச் சாயமேற்றியே வரும். அதில் கலப்பதைவிட, நாற்று எடுத்து நடும்போது வேரைச் சூடோமோனாஸ் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுவது பலன் தரும்.