தேங்காய் எண்ணெயில் இறுகிப்போன மிஷின்

திருச்சியில் 31 வருடமாகத் தையல் மிஷின் பழுது பார்க்கிறேன். அப்பா கற்றுக்கொடுத்த தொழில். சைக்கிள் கேரியரில் டூல் பையைக் கட்டிக்கொண்டு அவர் வீடு வீடாகப் போவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பின்னால் நானும் இருப்பேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் “மிஷின் கெட்டுப்போச்சு அக்கா” என்றுதான் நிறைய பேர் ஆரம்பித்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்தேன். ஒன்றுகூட எடைக்குப் போகவேண்டிய மிஷின் இல்லை.

அம்மாவின் கால் மிஷினை 12 வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்கினேன். சக்கரம் அசையவே இல்லை. பார்த்த கடைக்காரர், எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார். அம்மா தைத்த மிஷின், மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

போடாதீர்கள். அந்தக் காலத்துக் கறுப்பு மிஷின் முழுக்க இரும்பு. துரு உள்ளே இறங்காதவரைக்கும் அதற்குச் சாவு கிடையாது.

முதலில் மேலே இருக்கும் எண்ணெய்த் துளை ஒன்றில் தீக்குச்சியை விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். காறல் வாடை அடித்து, குச்சி நுனியில் பழுப்பாக, பலாப்பால் மாதிரிப் பிசின் ஒட்டி வந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டில் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பாதி மிஷினுக்கு இதுதான் வியாதி. விட்ட அன்று வழவழவென்று ஓடும். நாளாக நாளாகக் காற்றுப்பட்டுப் பிசினாகி, இரும்பையும் இரும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சமையல் எண்ணெய் எதுவானாலும் இதே கதைதான்.

அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸைக் கழற்றிவிட்டு, மேல் நூலைப் பிடித்து அடி நூலோடு கோக்கும் ஷட்டிலையும் வெளியே எடுங்கள். சில மிஷினில் இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும், தள்ளினால் போதும், சிலவற்றில் திருகாணி. ஷட்டில் ஓடும் பள்ளத்தில் பழைய நூல் சிக்கி இறுகியிருந்தாலும் சக்கரம் சுற்றாது. எத்தனையோ மிஷின் அந்த ஒரு நூலை உருவியதுமே ஓடியிருக்கிறது.

அதிலும் ஓடவில்லையென்றால் மண்ணெண்ணெய். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க முகத்தகட்டைக் கழற்றினால், ஊசியை ஏற்றி இறக்கும் ஊசிக்கம்பி தெரியும். அங்கே, மேல் துளைகளில், மிஷினைப் பின்னால் சாய்த்து அடியில் எங்கெல்லாம் இரும்பும் இரும்பும் உரசுகிறதோ அங்கெல்லாம் இரண்டிரண்டு சொட்டு. ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். ஒரு நூல் அளவு அசைந்தாலும் வழிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி ஆட்டல். பலங்கொண்ட மட்டும் திருப்பவே கூடாது.  எனக்கு ஒரு மிஷின் நாலு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் “டக்” என்று ஒரு சத்தம், பிறகு ஊசி மெல்ல இறங்கியது. அந்த வீட்டு அம்மா சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு அழுதேவிட்டார்.

ஓட ஆரம்பித்ததும் பழுப்புத் தண்ணீராக வழியும். துடைத்துத் துடைத்து எடுங்கள். மண்ணெண்ணெயோடு அப்படியே விட்டுவிடக் கூடாது. அது கழுவத்தான், ஓட்டுவதற்கு இல்லை. பிறகு வெள்ளை மிஷின் ஆயில் விட்டு, நூல் கோக்காமல் ஐந்து நிமிஷம் ஓட்டி, பழைய வேட்டித் துணியில் நாலு வரி தைத்துக் கசிவை எடுத்துவிடுங்கள். உடம்பில் இருக்கும் தங்கப்பூ படத்தில் ஸ்பிரிட், தின்னர் எதுவும் பட வேண்டாம், பூ போய்விடும். அம்மா பார்த்த பூ இல்லையா, இருக்கட்டும்.

துணிக்கு அடியில் நூல் புழு மாதிரிச் சுருண்டு வருகிறது. பாபின் கேஸ் திருகாணியை எவ்வளவோ இறுக்கிப் பார்த்துவிட்டேன்.
– வாசகி, விருதுநகர்

அடியில் சுருண்டால் கோளாறு மேலே. மேலே சுருண்டால் கோளாறு அடியில். இதை மிஷின் பக்கத்துச் சுவரில் எழுதியே ஒட்டலாம்.

மேல் நூலை முழுக்க உருவிவிட்டு, துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பக் கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடிக்கொண்டிருக்கும். நூல் நடுவே போகாமல் விளிம்பில் நிற்கும். தட்டுகளுக்கு இடையில் நூல் பிசிறு அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஒரு துண்டுத் துணியை நடுவே விட்டு இழுத்தால் வந்துவிடும்.

இனி நீங்கள் இறுக்கிய திருகாணி. பாபினைக் கேஸில் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். கையை லேசாக உதறினால் ஒரு விரற்கடை இறங்கி மறுபடி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்வு. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். திருகாணியைக் கடிகார முள் ஐந்து நிமிஷம் நகரும் அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

ஜீன்ஸ் பேன்ட் அடி மடிக்கும்போதெல்லாம் ஊசி முறிகிறது.
– வாசகர், நாகர்கோவில்

ஜாக்கெட் தைக்கும் 14ஆம் நம்பர் ஊசியைப் போட்டிருப்பீர்கள். ஜீன்ஸுக்கு 16, ரொம்பத் தடிப்பென்றால் 18. பக்கத்தையல் மேடு வரும் இடத்தில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள். பாதத்தின் பின்பக்கம் அட்டையை மடித்து வைத்து மட்டம் செய்துகொண்டால் இன்னும் சுலபம். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து, அடியில் ஊசி இறங்கும் தகட்டில் குத்தும். முறிந்த நுனியைத் தேடி எடுக்காமல் திரும்பத் தைக்க உட்காராதீர்கள். ஷட்டிலுக்குள் விழுந்திருந்தால் எல்லாவற்றையும் கீறிவிடும்.

அரசு இலவசத் திட்டத்தில் கிடைத்த மிஷின். மிதித்தால் கீழ்ச் சக்கரம் மட்டும் சுற்றுகிறது.
– வாசகி, அரியலூர்

தோல் பெல்ட் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். கிளிப்பைக் குறட்டால் விரித்து, ஒரு முனையில் அரை சென்டிமீட்டர் மட்டும் வெட்டிப் புதுத் துளை போட்டு மாட்டுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் மிதி கனத்துப்போகும், முழங்கால் வலிக்கும். பெல்ட் சரியாக இருந்தும் மேல் சக்கரம் மட்டும் சுற்றி ஊசி அசையாவிட்டால், சக்கர நடுவில் இருக்கும் திருகை இறுக்குங்கள். பாபினில் நூல் சுற்றத் தளர்த்திவிட்டு மறந்திருப்பீர்கள். இந்த மிஷினை வைத்துத்தான் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் தைத்தால் தினமும் ஷட்டிலுக்கு ஒரு சொட்டு மிஷின் ஆயில். வாரம் ஒருமுறை தகட்டைக் கழற்றிப் துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் சேரும் பஞ்சை பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறது. வீடியோ பார்த்து ஊசிக்கம்பியைத் தளர்த்தி ஏற்றி இறக்கினேன். இப்போது எந்தத் துணியிலும் தையலே விழவில்லை. ஊசி, வேலை செய்யும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது.
– வாசகி, திருப்பூர்

உங்கள் கடைசி வரியில்தான் பதில் இருக்கிறது. கம்பெனி பவர் மிஷின் ஊசி டி.பி.எக்ஸ் 1; அதன் தண்டு, அதாவது மிஷினில் மாட்டும் மேல்பகுதி, உருண்டை, 1.62 மில்லிமீட்டர்தான். வீட்டு மிஷின் ஊசி எச்.ஏ.எக்ஸ் 1, தண்டில் ஒரு பக்கம் தட்டை, 2 மில்லிமீட்டர் தடிப்பு. மெல்லிய ஊசியை அங்கே மாட்டினால் சரியாக நிற்காது, நூலைப் பிடிக்கும் கூர்நுனியான ஷட்டில் மூக்குக்கு நூல் எட்டாது. வீட்டு மிஷினுக்கான உருண்டை முனை ஊசி என்று கேட்டு 11ஆம் நம்பரில் வாங்குங்கள். பனியன் துணிக்கு அதுதான் தையல் விடாது. நீளப் பள்ளம் நூல் வரும் பக்கம், தட்டை அதற்கு எதிர்ப்பக்கம், முட்டும் வரை மேலே தள்ளி இறுக்குங்கள்.

இனி ஊசிக்கம்பி. அதைத் தொட்டது தப்பு, ஆனால் திருத்தக்கூடிய தப்பு. முதலில் புது ஊசியை மாட்டுங்கள். தகட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். ஊசி அடிவரை இறங்கி, திரும்பி 2 மில்லிமீட்டர் போல ஏறும்போது, ஷட்டில் மூக்கு ஊசியின் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியை உரசாமல் ஒட்டிப் போக வேண்டும். மூக்கு கண்ணுக்கும் கீழே போனால் கம்பி உயரமாக இருக்கிறது, இறக்குங்கள்; ரொம்ப மேலே போனால் ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் கம்பியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, ஒரு முடி அளவு நகர்த்தி, இறுக்கி, சுற்றிப் பாருங்கள். மூன்று தடவையில் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். மூக்கு எந்த இடத்தில் கடக்கிறது என்று பக்கவாட்டில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள்.