வாஷர் மாற்றத் தெரிந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தை ஆறு வருடங்களாக வாசித்துவருகிறேன். இதுவரை எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். இப்போது ஒரு மனச்சுமை எழுதவைக்கிறது.

கல்லூரிக் காலத்தில் நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சேவைக்குழு நடத்தினோம். ஓர் அறக்கட்டளையின் நிதியில், ஒரு கிராமத்தில் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வைத்தோம். அங்கேயே இருபது பெண்களுக்கு மூன்று மாதம் தையல் பயிற்சியும் கொடுத்தோம். திறப்பு விழா, பேச்சு, புகைப்படம் எல்லாம் நடந்தன. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடங்கள் கழித்து, சென்ற மாதம் அந்த வழியாகப் போக நேர்ந்தது. இயந்திர அறை பூட்டிக் கிடந்தது. பூட்டு துருவேறி இறுகியிருந்தது. கதவுக் கொண்டியில் யாரோ ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. “நீங்கள்தானே வைத்தீர்கள், உங்களிடம் இருக்கும் என்று நினைத்தோம்” என்றார் ஒரு பெரியவர். நன்றி கெட்டவர்கள் என்று அந்த நிமிடம் தோன்றியது. பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

இப்போது அதே நண்பர்கள் ஒரு நிறுவனத்தின் நிதியில் வேறொரு கிராமத்தில் தொடங்கப் போகிறார்கள். நிலையான வளர்ச்சி, பெண்களுக்கு அதிகாரமளித்தல் என்றெல்லாம் திட்ட வரைவில் எழுதியிருக்கிறார்கள். என்னையும் அழைக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சேவை என்பது செய்பவரின் மனநிறைவுக்கு மட்டும்தானா?

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் நொந்து எழுதிய வரிகளைவிட, அந்தப் பெரியவர் போகிற போக்கில் சொன்ன வாக்கியம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். இயந்திரத்தை நீங்கள் வாங்கினீர்கள். நீங்கள் அழைத்து வந்தவர் நாடா வெட்டினார். கல்வெட்டு வைத்திருப்பீர்கள், அதில் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். அடுத்தவர் பொருள் பழுதானால் நாம் கை வைப்போமா? அவரும் வைக்கவில்லை.

நானும் ஒரு பூட்டிய கதவுக்குச் சொந்தக்காரன்தான். இருபத்து மூன்று வயதில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு அலமாரி நிறையப் புத்தகங்கள் கொடுத்தேன். அதோடு விடாமல் தடிமனான இருப்புப் பதிவேடு ஒன்றையும் கொடுத்து, வருடக் கடைசியில் வந்து சரிபார்ப்போம் என்றும் சொல்லிவைத்தோம். கறாராக இருப்பதுதான் பொறுப்பு என்று எண்ணிய வயது. மறு வருடம் போனபோது ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. ஒன்றின் முதுகும் மடங்கியிருக்கவில்லை. தொலைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்த ஆசிரியை, அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். கணக்கு சரியாக இருந்ததற்காக அவரைப் பாராட்டிவிட்டு வந்தோம். இன்றும் நினைத்தால் கூசுவது அந்தப் பாராட்டுதான்.

இந்த விஷயத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது கைப்பம்பிடமிருந்து. சிரிக்காதீர்கள். 1970-களில் யுனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவான ‘இந்தியா மார்க் 2’ பம்பை நீங்கள் எத்தனையோ இடங்களில் அடித்துத் தண்ணீர் குடித்திருப்பீர்கள். அதற்கு முன்பிருந்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பம் அடித்தால் தாங்கும், ஊரே அடித்தால் உடைந்துபோகும். மார்க் 2 முரட்டுப் பிறவி, தாங்கியது. ஆனால் எல்லாப் பம்புக்குள்ளும் ஒரு பலவீனம் உண்டு. நிலத்துக்கடியில் ஒரு சிலிண்டர், அதற்குள் சின்னக் கிண்ணம் போல ஒரு வாஷர். தண்ணீரை மேலே தூக்குவது அதுதான். அது தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் கைதான் வலிக்கும்.

அந்த வாஷரை எப்படி மாற்றுவது? மார்க் 2-இல் மேலேறும் குழாய் ஒடுக்கமானது, சிலிண்டர் அதைவிட அகலமானது. வாஷர் குழாய் வழியாக வெளியே வராது. குழாய் முழுவதையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், ஆட்கள் வேண்டும், அவர்களைக் கொண்டுவர ஒரு வண்டி வேண்டும். வண்டி தூரத்தில் ஓர் அலுவலகத்தில் நிற்கும். கைக்குள் அடங்குகிற ஒரு வாஷருக்காக ஊர் மனு எழுதிக் காத்திருக்கும்.

பின்னால் வந்த மார்க் 3-இல் செய்த முக்கியமான மாற்றம், குழாயை அகலமாக்கியது. ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக அகலத்தைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். வாஷர் பொருத்திய பிஸ்டனும் அடிவால்வும் குழாய்க்குள்ளேயே மேலே வந்துவிடும். 1980-களில் ஆப்பிரிக்காவில் உருவான ‘அஃப்ரிடேவ்’ பம்பை ஏறக்குறைய ஒரே ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு பிரித்துப் பூட்டலாம். ஊர்க்காரர்களே இயக்கிப் பராமரிக்க முடிகிற பம்பு என்பதையே வடிவமைப்பின் நிபந்தனையாக வைத்தார்கள். ஒரு பம்பைப் பிரித்துப் பார்த்தாலே அதைச் செய்தவர் ஊர்க்காரர்களைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரிந்துவிடும். (நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன்: மார்க் 3-இன் அகலக் குழாய்க்கு எடையும் செலவும் அதிகம். அது எல்லா இடத்திலும் மார்க் 2-ஐ விரட்டிவிடவில்லை.)

1990-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா வட்டாரத்தில், மகிளா சமாக்யா என்ற அரசின் பெண்கள் கல்வித் திட்டத்தின் கீழ் கிராமத்துப் பெண்களுக்குப் பம்பு பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பலரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஸ்பேனர் கைக்கு வந்த பிறகு அவர்களே எழுத்தைக் கேட்டார்கள். எந்தப் பம்பில் என்ன பழுது, எந்த உதிரி பாகம் போட்டோம் என்று குறித்துவைக்க வேண்டியிருந்ததே! அதன்பின் எழுத்தறிவு வகுப்புகள் வந்தன. ‘மகிளா டாகியா’ என்ற செய்தித்தாள் வந்தது. அந்த வழியில்தான் 2002-இல், கிராமத்துப் பெண்களே நிருபர்களாக இருந்து நடத்திய ‘கபர் லஹரியா’ பத்திரிகையும் தொடங்கியது. பம்பு ரிப்பேர் கற்றுக்கொடுத்தால் பத்திரிகை வரும் என்று எந்தத் திட்ட வரைவிலும் எழுத முடியாது. எழுதியிருந்தால் நிதி கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

எதிர்ப்பக்கம் ஒன்றைச் சொல்கிறேன். ‘பிளேபம்ப்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் தண்ணீர் மேலே ஏறும். எவ்வளவு அழகான படம்! 2006-இல் அமெரிக்காவில் அதற்கு 1.64 கோடி டாலர் நிதி அறிவித்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் ஆயிரக்கணக்கில் வைப்பதாகத் திட்டம். குழந்தைகள் எத்தனை நேரம் விளையாடுவார்கள்? சொல்லப்பட்ட எண்ணிக்கை மக்களுக்கு அன்றாடத் தேவைக்குத் தண்ணீர் தர வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று 2009-இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. நடந்தது என்னவென்றால், குழந்தைகள் போன பிறகு பெண்கள் குனிந்து அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பல இடங்களில் வேலை செய்துகொண்டிருந்த கைப்பம்பை எடுத்துவிட்டு இதை வைத்திருந்தார்கள். ராட்டினம் பழுதானால் பார்க்க ஊரில் ஆளில்லை. தண்ணீர் தூக்குகிற பெண் ஒருத்தியிடமாவது முதலில் கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

உங்கள் நண்பர்களின் வரைவில் இருக்கும் ‘அதிகாரமளித்தல்’ என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. ‘அளிப்பது’ நம் மொழியில் மன்னர் செய்யும் காரியம். பரிசில் அளிப்பார், நாடு அளிப்பார். அளித்தவர் திரும்பப் பெறவும் செய்வார். இலங்கைத் தமிழர்கள் ‘வலுவூட்டல்’ என்கிறார்கள், அது பரவாயில்லை. சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். இருபது பெண்களுக்கு மூன்று மாதம் தையல் பயிற்சி கொடுத்தீர்களே, அது முடிந்தபின் யாருக்குத் தைப்பார்கள், துணி எங்கிருந்து வரும், கூலியை யார் நிர்ணயிப்பார் என்ற கேள்விகள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. பயிற்சியை அளித்தீர்கள், முடிந்தது. ஏழைகளுக்குச் சிறு தொகை கொடுக்கும் குறுங்கடன் விஷயத்திலும் இப்படித்தான் ஒரு மயக்கம் இருந்தது. இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிகோ உட்பட ஆறு நாடுகளில் நடத்திய கள ஆய்வுகளின் முடிவுகள் 2015-இல் ஒன்றாக வெளியாயின. சராசரிக் குடும்பத்தின் வாழ்க்கையைக் கடன் புரட்டிப்போட்டுவிடவில்லை, கொஞ்சம் கைவீச்சு, அதாவது விரும்பியதைத் தேர்ந்துகொள்ள இடம், கொடுத்தது என்பதுதான் அவற்றின் சாரம். அந்தக் கைவீச்சும் பெரிய விஷயம்தான். ஆனால் திறப்பு விழாவில் நாம் பேசுகிற பேச்சு அதுவல்ல.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஊர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாமா? அது இதைவிட மோசம். கராச்சியின் ஓரங்கியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய வேலை இங்கே உதவும். பெரிய குடிசைப்பகுதி, கழிவுநீர் தெருவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவர் பணம் கொடுக்கவில்லை. வரைபடமும் தொழில்நுட்ப ஆலோசனையும் கருவிகளும் கொடுத்தார். இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, தானே காசு திரட்டிக் குழாய் பதித்தது. ஆனால் எல்லையும் தெளிவாக இருந்தது. வீட்டுக் கழிவறை, சந்துக் குழாய், சந்துகளை இணைக்கும் குழாய் ஆகியவை மக்களுடையவை. அதற்கப்பால் பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் கடமை. அதை அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு அவர்கள் கையில் தங்கள் பகுதியின் வரைபடங்கள் இருந்தன. அந்தப் பணியைப் பின்னாளில் வழிநடத்திய பர்வீன் ரஹ்மான் 2013-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கராச்சியில் நில ஆக்கிரமிப்புகளை ஆவணப்படுத்தி வந்தவர் அவர். அதிகாரம் உண்மையிலேயே கைமாறும்போது யாரோ ஒருவர் அதை இழக்கிறார். அவர் சும்மா இருக்க மாட்டார். ஒரு திட்டத்தால் ஊரில் ஒருவருக்கும் சிறு எரிச்சல்கூட வரவில்லையென்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்பவருக்கு மனநிறைவு கிடைப்பதில் தவறே இல்லை. அது இல்லாமல் யாரும் வெயிலில் நிற்க மாட்டார்கள். புகைப்படம் எடுத்த அன்றே அது கிடைத்துவிடுவதுதான் சிக்கல். இயந்திரத்துக்குள் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனை மாற்ற வேண்டிய நாள் அதற்குப் பிறகு வருகிறது. ஆர்.ஓ. மெம்பரேனுக்கு இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள், முன்வடிகட்டிகளை அதைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். சாவி கிடைத்திருந்தாலும் உங்கள் இயந்திரம் அநேகமாக இந்நேரம் நின்றிருக்கும். அதிலிருந்து வெளியேறும் உப்பு நீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

புதிய திட்டத்தில் சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. வரைவில் ஐ.நா.வின் நிலையான வளர்ச்சிக்கான 17 இலக்குகளில் நாலைந்தின் வண்ணச் சின்னங்கள் இருக்கும். தண்ணீருக்கான ஆறாவது இலக்கின் கடைசி உட்பிரிவை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீர், சுகாதார மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கேற்பை ஆதரித்து வலுப்படுத்துவதைத்தான் அது சொல்கிறது. பிறகு வரவுசெலவுப் பக்கத்தைத் திருப்பி, மூன்றாம் வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பத்தியே இருக்காது.

அதற்கும் முன்னால், பழைய ஊருக்கு ஒருமுறை போய்வாருங்கள். விழா வேண்டாம், பேனர் வேண்டாம். அந்தப் பெரியவரிடம் உட்கார்ந்து, இந்த இயந்திரம் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்று கேளுங்கள். நான்கு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டியது, பரவாயில்லை. வேண்டாம் என்றால் விற்றுவிட்டு அந்தப் பணத்தை என்ன செய்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும். வேண்டும் என்றால், வடிகட்டி மாற்ற யார் கற்றுக்கொள்கிறார், மாதாமாதம் காசு யார் சேர்ப்பார் என்று பேசி முடிக்கும்வரை பூட்டைத் தொடாதீர்கள்.

தொடுவதற்கு முன் அந்த ஆட்டின் சொந்தக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்றைய தேதியில் அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்துகிறவர் அவர் ஒருவர்தான்.