கறுப்பு பாடியில் சாம்பல் பூப்பது ஏன்? பிளாஸ்டிக் கார் மாடல் கேள்வி-பதில்

கறுப்பு ஸ்ப்ரே அடித்த சில நிமிடத்தில் பாடி முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. டப்பா போலியா? – திருவான்மியூர்

டப்பாவைத் திட்டாதீர்கள், உங்கள் ஊர்க் காற்றுதான் காரணம். இது லேக்கர், அதாவது சட்டென்று காயும் பெயிண்ட். அதிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கறுப்பில்தான் இது பளிச்சென்று தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லேக்கர் பக்கமே போகாதீர்கள். அந்த நேரத்தில் இன்ஜின், சீட், டேஷ்போர்டு என்று தூரிகையால் அடிக்கிற வேலைகளைப் பாருங்கள். மற்ற மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல், கடல் காற்று எழும்புவதற்கு முன் அடித்து முடித்துவிடுவது நல்லது. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் தூவல் மெல்லிசாக வரும். கொதிக்கும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், டப்பா வெடிக்கும்.

பூத்த பாடியை வீச வேண்டியதில்லை. வறண்ட நாள் ஒன்றில் அதே பெயிண்டை மெல்லிய ஒரு கோட் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பழைய படலம் கரைந்து ஈரம் வெளியேறிவிடும். போகவில்லையென்றால் 2000 நம்பர் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி அடியுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மே மாத மொட்டை மாடியில் மட்டும் வைக்காதீர்கள். கறுப்பு பாடி நெளிந்தால் நிமிர்த்த வழியில்லை.

சென்னை ஜி.பி. ரோட்டில் நிஜ கார் பெயிண்ட் கலந்து வாங்கி அடிக்கலாமா? – பெரம்பூர்

அடிக்கலாம். ஆனால் அதன் தின்னர் வீரியமானது. வெறும் பிளாஸ்டிக்கின் மேல் பட்டால் மேற்பரப்பு வெடித்து வலை போட்ட மாதிரி ஆகும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் பாடியைக் கழுவி, அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெயை எடுங்கள். அப்புறம் பிரைமர், அதன் மேல் மெல்லிய கோட்டுகள். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் (ஸ்ப்ரூ) அடித்துப் பார்க்காமல் பாடியில் கை வைக்காதீர்கள்.

மெட்டாலிக் வாங்காதீர்கள் என்பேன். நிஜக் காருக்கு அளவான மினுமினுப்புத் துகள், இருபத்து நாலில் ஒரு பங்கு காரில் ஜிகினா தூவியது போலத் தெரியும். ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயிண்டை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது, அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

அப்பா ஓட்டிய மாருதி ஜிப்ஸியை 1/24 அளவில் செய்ய ஆசை. எதிலிருந்து தொடங்குவது? – தாம்பரம்

ஹசெகாவா நிறுவனத்தின் 1/24 சுசூகி ஜிம்னி ஜேஏ11 கிட்டிலிருந்து (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய டப்பா). ஜிப்ஸி அதே குடும்பத்தின் நீள வண்டி. ஜிம்னியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2,030 மி.மீ., ஜிப்ஸிக்கு 2,375. வித்தியாசம் 345, அதை 24-ஆல் வகுத்தால் 14.4 மி.மீ. மொத்த வேலையும் இந்தப் பதினாலே கால் மில்லிமீட்டர் சொச்சத்தைச் சுற்றித்தான்.

கதவுக்குப் பின்னால், பின் சக்கர வளைவுக்கு முன்னால் நேர்க்கோட்டில் வெட்டுங்கள். மெல்லிய ரம்பம் வேண்டும், கட்டர் கத்தி இழுத்தால் கோணிவிடும். உள்பக்கம் பிளாஸ்டிக் பட்டை கொடுத்து இரண்டு துண்டுகளையும் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒட்டினால் முதுகு வளையாது. இடைவெளியை 1 மி.மீ. ஷீட்டால் மூடி, பட்டி போட்டுத் தேய்த்துவிடுங்கள். சேஸிஸ், பின்பக்கம் போகும் ஷாஃப்ட், உள்தரை மூன்றும் அதே அளவு நீள வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

கூரையை நீட்டப் போராடாமல் வெட்டி எடுத்துவிட்டு கேன்வாஸ் டாப் போடுங்கள். கம்பியில் சட்டம் கட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ பேப்பரைப் போர்த்தினால் காய்ந்ததும் துணிச் சுருக்கம் அப்படியே வரும். பானெட்டில் இருக்கும் காற்றுவாயை மூட வேண்டும், அது டர்போ ஜிம்னியுடையது. பிற்காலத்து அகல ட்ராக் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) ஜிப்ஸி என்றால் ஆக்சிலையும் அகலப்படுத்தியாக வேண்டும். அப்பாவின் பழைய போட்டோக்களை முதலில் தேடி எடுங்கள். கிட் டப்பா படத்தைவிட அவைதான் உதவும்.

குரோம் பம்பர் பொம்மை மாதிரி மின்னுகிறது. எடுக்க முடியுமா? – அண்ணா நகர்

துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப்போட்டால் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

முன் கண்ணாடியை ஃபெவிகுயிக்கால் ஒட்டினேன், வெள்ளைப் புகை படிந்துவிட்டது. – வேளச்சேரி

கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால் போதும். படிந்த புகையை 2000 எமரி, பிறகு பாலிஷ் பேஸ்ட் என்று தேய்த்து எடுக்கலாம், பொறுமை வேண்டும்.

அலமாரியில் வைத்த காரின் ரிம், டயர் தொடும் இடத்தில் உருகியிருக்கிறது. – மயிலாப்பூர்

வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை பிளாஸ்டிக்கை மெல்ல இளக்கும், நம் வெயில் அதை வேகப்படுத்தும். புது ரிம்மில் டயர் மாட்டும் முன் உட்காரும் இடத்தில் சமையலறை அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.