கோவளம் சர்ஃபிங் வகுப்புக்கு என்ன வாங்குவது?

முதல் வகுப்புக்கே சர்ஃப் பலகையும் வெட்சூட்டும் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடுகிற ரப்பர் உடை) வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை ஈசிஆர் கோவளத்தைத்தானே சொல்கிறீர்கள், கேரளத்துக் கோவளம் இல்லையே? அப்படியானால் இரண்டுமே வேண்டாம். பலகையைப் பயிற்சிப் பள்ளியிலேயே கொடுப்பார்கள். நம் வங்கக் கடல் குளிர்ந்த தண்ணீர் இல்லை, வெட்சூட் போட்டால் வெந்துதான் போவீர்கள்.

காசைப் போட வேண்டியது முழுக்கை ராஷ் கார்டில், அதாவது தோல் உரசாமல் காக்கிற மேல்சட்டையில். நான் முதல் நாள் பருத்தி டி-ஷர்ட்டோடு இறங்கினேன். நனைந்து கல்லாகக் கனத்தது. பலகையில் தேய்த்திருந்த மெழுகும் மணலும் உரசி வயிறெல்லாம் சிவந்து, இரண்டு நாள் குப்புறப் படுக்க முடியவில்லை. லைக்ரா துணியில், உடம்போடு ஒட்டுகிற அளவில் எடுங்கள். கடையிலேயே போட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். தொப்புள் தெரிந்தால் அது உங்கள் அளவில்லை.

அரைக்கால் சட்டையில் ஜிப்போ பொத்தானோ வேண்டாம், பலகையைக் கீறும். நாடா வைத்தது போதும், ஆனால் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். அலை மரியாதை பார்க்காது!

ராஷ் கார்டு, அரைக்கால் சட்டை இரண்டுமே டெக்கத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும். கடற்கரைக் கடைகளில் தொப்பி, செருப்போடு நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.