பைத்தான் சாட்டில் பதில் கிடைக்கக் கேள்வியை எப்படி எழுதுவது?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் கற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் உள்ள ஒரு ஃபைலைப் படித்து, மொத்தத்தைக் கூட்டும் புரோகிராம் எழுதினேன். பெயர்கள் தமிழில் இருக்கின்றன. நண்பனின் லினக்ஸ் லேப்டாப்பில் ஃபைலைப் படித்துப் பெயர்களைக் காட்டுகிறது. என் விண்டோஸில் அதற்கு முன்பே எரர் வருகிறது. ஒரு சாட்டில் போய், ‘பைத்தான் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. திரையைப் போனில் படம் எடுத்துப் போட்டேன். ‘ட்ரேஸ்பேக்கைப் போடுங்கள்’ என்று ஒருவர் சொன்னார், அத்தோடு சரி. நான் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

பதில்: உங்களுக்குப் பதில் வராமல் போனதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. அந்த அறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் வேலைக்கு நடுவே சாட்டை ஓரமாகத் திறந்து வைத்திருப்பவர்கள். ‘நான் இருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், என்ன கேள்வி, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாமலே பொறுப்பை ஏற்றுக்கொண்டது போல ஆகிவிடும். அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வணக்கம், முன்னுரை எதுவும் இல்லாமல் கேள்வியையே முதல் செய்தியாகப் போடுங்கள். விடை தெரிந்தவர் கண்ணில் பட்டால் அவராகவே வருவார்.

இரண்டாவது, படம். போனில் எடுத்த படத்திலிருந்து ஒரு வரியைக்கூடக் காப்பி எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. எரரின் வாசகத்தைத் தேடவும் முடியாது. உங்கள் புரோகிராமை அவர் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கும்படி கொடுப்பதுதான் நல்ல கேள்வி. அதற்கு எழுத்தாகத்தான் தர வேண்டும். விண்டோஸ் டெர்மினலிலும் லினக்ஸ் டெர்மினலிலும் மவுஸால் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் காப்பி ஆகும். லினக்ஸில் ஷிஃப்ட்டை விட்டுவிட்டால் காப்பி ஆகாது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்தான் நின்றுபோகும்.

இப்போது ட்ரேஸ்பேக். எரர் வந்ததும் பைத்தான் சிந்தும் அந்த நாலைந்து வரிக் கொத்துக்குத்தான் இந்தப் பெயர். புதிதாகக் கற்பவர்கள் அதைக் கண்டதும் பயந்து மேலே போய்விடுகிறார்கள். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரியில் எரரின் வகையும் காரணமும் இருக்கும். அதற்கு மேலே எந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் நடந்தது என்று இருக்கும். 3.11 பதிப்பிலிருந்து அந்த வரிக்குள்ளேயே எந்த இடம் என்பதைச் சிறு கூரைக் குறிகளால் அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. சாட்டில் ஒட்டும்போது இதில் ஒரு வரியும் விடாதீர்கள். ‘ட்ரேஸ்பேக்’ என்ற முதல் சொல்லிலிருந்து கடைசி எழுத்துவரை அப்படியே போக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கடைசி வரி என்னவாக இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. யூனிகோட்டிகோட்எரர் என்று தொடங்கி, ‘சார்மேப்’ என்ற சொல்லும், ‘0எக்ஸ்8டி’ என்ற பைட்டும், அது எத்தனையாவது இடம் என்ற எண்ணும் இருந்திருக்கும். இது விண்டோஸில் தமிழ் ஃபைலைப் படிப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சந்திக்கும் எரர். என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைக்கு என்கோடிங் என்று பெயர். அதில் ஒன்றான யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். ஃபைலில் முதல் பெயர் கண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைட்டுகளை 0 முதல் எண்ணினால் க என்பது 0, 1, 2. அடுத்த ண என்பது 3, 4, 5. அதன் தலைமேல் உள்ள புள்ளி தனிக் குறியீடு, 6, 7, 8. புள்ளியின் மூன்றாவது பைட்தான் அந்த 8டி. உங்கள் விண்டோஸ் பைத்தானோ, வேறு எதுவும் சொல்லாததால், ஃபைலை 1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படிக்கிறது. அந்த அட்டவணையில் 8டி என்ற இடம் காலி. ஆகவே 8ஆம் இடத்தில் முட்டி நிற்கிறது. லினக்ஸில் இயல்பாகவே யுடிஎஃப்-8 என்பதால் நண்பனுக்கு ஃபைல் ஓடுகிறது.

இதே ஃபைலில் மாலா என்ற பெயர் மட்டும் இருந்திருந்தால் எரரே வந்திருக்காது. அந்தப் பெயரில் புள்ளி இல்லை. அதற்குப் பதிலாக, குறி போட்ட ரோமன் எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வரும் குப்பை வரிசை திரையில் வந்திருக்கும். இரண்டுக்கும் நோய் ஒன்றுதான். எரர் வராத குப்பைதான் ஆபத்து, ஏனென்றால் அது சத்தமில்லாமல் அடுத்த ஃபைலுக்குள் போய் எழுதப்பட்டுவிடும்.

மருந்து ஒரு வரி. ஓப்பன் என்பதன் அடைப்புக்குறிக்குள் ஃபைலின் பெயருக்குப் பிறகு ஒரு கமா, பிறகு என்கோடிங், சமக்குறி, மேற்கோளுக்குள் யுடிஎஃப்-8. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ட்ரேஸ்பேக் ஓப்பன் இருக்கும் வரியைக் காட்டாது, அதற்குக் கீழே ஃபைலை வரிவரியாகப் படிக்கும் ஃபார் வரியைத்தான் காட்டும். ஓப்பன் கதவைத் திறப்பதோடு சரி, பைட்டுகளை எழுத்தாக்கும் வேலை படிக்கும்போதுதான் நடக்கிறது. எரர் காட்டிய வரியை மட்டும் சாட்டில் போட்டால், திருத்த வேண்டிய வரி உதவ வருபவர் கண்ணுக்கே தெரியாது. ட்ரேஸ்பேக்கோடு கோட், அதாவது புரோகிராமின் வரிகளையும் கேட்பது இதனால்தான். ஃபைலை எக்செல்லில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று சேமித்திருந்தால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் முத்திரை இருக்கும். அப்போது எரரில் 8க்குப் பதில் 11 என்று காட்டும். திருத்தும்போது யுடிஎஃப்-8-சிக் (எஸ், ஐ, ஜி) என்று கொடுங்கள். இல்லையென்றால் முதல் பெயரோடு அந்த முத்திரை ஒட்டிக்கொண்டு, ‘கண்ணன்’ என்று தேடினால் கிடைக்காமல் போகும்.

அதைச் சரி செய்ததும் அடுத்த எரர் வரலாம், மனம் தளர வேண்டாம். ஃபைலிலிருந்து வரும் 78 என்பது பைத்தானுக்கு எண் அல்ல, இரண்டு எழுத்துகள். மதிப்பெண் பட்டியலை அப்படியே, கூட்டித் தரும் ‘சம்’முக்குக் கொடுத்தால் டைப்எரர் வரும், ‘இன்ட்’டையும் (எண்) ‘எஸ்டிஆர்’ஐயும் (எழுத்து) கூட்ட முடியாது என்று. நான் இன்ட் எதையும் கொடுக்கவில்லையே என்று குழம்புவீர்கள். சம் தன் கூட்டலை 0 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது. அந்த 0தான் இன்ட். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் பட்டியலில் சேர்க்கும்போதே இன்ட் என்பதற்குள் போட்டுவிடுங்கள். நண்பனின் கணினியிலும் மொத்தம் என்ற கட்டத்தில் இதே எரர்தான் வரும்.

சரி, சாட்டுக்குத் திரும்புவோம். நீங்கள் எழுதியிருக்க வேண்டிய செய்தி இவ்வளவுதான்:

‘விண்டோஸ் 11, பைத்தான் 3.12. ஒவ்வொரு வரியிலும் பெயர், கமா, மதிப்பெண் உள்ள ஃபைலைப் படித்து மதிப்பெண்களைக் கூட்ட வேண்டும். பெயர்கள் தமிழில் உள்ளன. ஃபார் வரியில் யூனிகோட்டிகோட்எரர் வருகிறது. இதே கோட் லினக்ஸில் ஃபைலைச் சரியாகப் படிக்கிறது. ஆறு வரி கோட், முழு ட்ரேஸ்பேக், ஃபைலின் முதல் இரண்டு வரிகள் கீழே.’

இதில் என்ன வேண்டும், என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்ற நான்கும் இருக்கின்றன. ‘லினக்ஸில் படிக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தைப் பார்த்த உடனே அனுபவமுள்ளவர் என்கோடிங் என்று சொல்லிவிடுவார். உங்கள் இறுதி நோக்கத்தையும் எழுதுவது முக்கியம். ‘8டி பைட்டை எப்படி நீக்குவது?’ என்று மட்டும் கேட்டால், யாராவது நீக்கும் வழியைச் சொல்லித் தருவார்கள். எரர் போய்விடும், கூடவே எல்லாப் பெயர்களிலும் புள்ளி சிதைந்துவிடும். உலகப் பொது அறைகளில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இலக்கணம் பற்றிக் கவலைப்படாதீர்கள். கோடும் ட்ரேஸ்பேக்கும் முழுசாக இருந்தால் நான்கு சின்ன வாக்கியம் போதும்.

முந்நூறு வரிப் புரோகிராமை ஆறு வரியாக்குவது எப்படி என்று கேட்பீர்கள். அசலைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள். எரருக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றும் பகுதியை நீக்கி ஓட்டுங்கள். எரர் அப்படியே இருந்தால் இன்னும் நீக்குங்கள். எரர் மறைந்தால் கடைசியாக நீக்கியதில்தான் விஷயம் இருக்கிறது. இன்புட் கேட்கும் இடங்களில் நிலையான மதிப்பைப் போட்டுவிடுங்கள், அப்போதுதான் ஓட்டிப் பார்ப்பவர் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது. அனுப்பும் முன் அந்த ஆறு வரியை இன்னொருமுறை ஓட்டி, அதே எரர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும், பாதி நேரம் அதிலேயே பிழை கையில் சிக்கிவிடும். நினைவிலிருந்து கோடைத் திரும்ப எழுதி அனுப்பாதீர்கள். எழுதும்போது கை தானாகவே பிழையைத் திருத்திவிடும், அப்புறம் இல்லாத பிழையை எல்லோரும் தேடுவார்கள்.

ஒட்டும் விதம் இடத்துக்கு இடம் மாறும். டிஸ்கார்டில் கோடுக்கு மேலே ஒரு வரியில் மூன்று பேக்டிக், அதை ஒட்டி ‘பிஒய்’ என்ற இரண்டு ரோமன் எழுத்துகள். கோட் முடிந்ததும் மீண்டும் மூன்று பேக்டிக். பேக்டிக் என்பது எஸ்கேப் பொத்தானுக்குக் கீழே உள்ள சாய்ந்த குறி, ஒற்றை மேற்கோள் அல்ல. இப்படிச் செய்யாமல் வெறுமனே ஒட்டினால், பெயரின் இருபுறமும் உள்ள இரட்டை அடிக்கோடுகளை டிஸ்கார்ட் தின்றுவிட்டு அந்தப் பெயரை அடிக்கோடிட்டுக் காட்டும். பெருக்கல் நட்சத்திரங்கள் மறைந்து எழுத்து சாய்ந்துவிடும். ஒரு செய்திக்கு 2000 எழுத்து வரம்பு உண்டு. டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் மூன்று பேக்டிக் வேலை செய்யும். போனில் தட்டச்சு செய்தால் மேற்கோள்கள் வளைந்த மேற்கோளாக மாறிவிடக்கூடும். பைத்தானுக்கு அது பிடிக்காது, செல்லாத எழுத்து என்று சின்டாக்ஸ்எரர் தரும்.

ஐஆர்சி என்ற பழைய, எழுத்து மட்டுமே செல்லும் சாட் முறை தனி. அங்கே ஒரு செய்தி ஒரே வரி, அதுவும் எல்லாம் சேர்த்து 512 பைட்டுக்குள். தமிழுக்கு 3 பைட் என்ற கணக்கில் ஏறத்தாழ 150 குறியீடுதான் தேறும். இருபது வரி கோடை அப்படியே ஒட்டினால் வெள்ளமாகக் கொட்டுகிறீர்கள் என்று சர்வரே உங்களை வெளியேற்றிவிடும். கோடை கிட்ஹப் ஜிஸ்ட் போன்ற, கோட் பகிரும் தளத்தில் போட்டு, சுட்டியை மட்டும் அறையில் கொடுங்கள். பைத்தானுக்கான ஐஆர்சி அறை 2021இல் ஃப்ரீநோட் என்ற வலையமைப்பிலிருந்து லிபரா சாட் என்ற வலையமைப்புக்கு மாறிவிட்டது, பழைய புத்தகத்தில் உள்ள முகவரியை நம்ப வேண்டாம்.

ஒட்டும் முன் ஒரு பார்வை பாருங்கள். ட்ரேஸ்பேக்கில் ஃபைல் இருக்கும் பாதையில் உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் தெரியும். வேண்டாம் என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டும், டெலிகிராம் பாட்டின் (தானாக இயங்கும் கணக்கின்) ரகசியச் சாவியான டோக்கனும் போகவே கூடாது. தவறிப் போட்டுவிட்டால் செய்தியை அழிப்பது போதாது, அதற்குள் யாராவது காப்பி எடுத்திருக்கலாம். உடனே டோக்கன் வழங்கும் டெலிகிராம் கணக்கான பாட்ஃபாதரிடம் போய்ப் பழைய டோக்கனை ரத்து செய்து புதியது வாங்குங்கள்.

ஒருவர் பதில் சொல்லத் தொடங்கியதும் ‘செய்து பார்த்தேன், வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும். எரர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் முதல் சிக்கல் தீர்ந்தது, இது புதியது. ‘என்கோடிங் சேர்த்தேன், அந்த எரர் போய்விட்டது, இப்போது 5ஆம் வரியில் டைப்எரர்’ என்று எழுதிப் புதிய ட்ரேஸ்பேக்கை முழுதாக ஒட்டுங்கள். வீட்டுப்பாடம் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல அறைகளில் அதற்காக விரட்ட மாட்டார்கள், முழு விடையைத் தராமல் அடுத்த படியைக் காட்டுவார்கள்.

பொது அறைகளில் பதில் சொல்பவர்களில் பலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள். கோடைக்காலத்தில் நமக்கு இரவு 8 மணி என்றால் நியூயார்க்கில் காலை 10.30. மதியம் கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் போய்விடாதீர்கள். டிஸ்கார்டில் பிறகு வந்து படித்துக்கொள்ளலாம். ஐஆர்சியில் நீங்கள் வெளியேறிய பிறகு வரும் பதில் பொதுவாக உங்களுக்குக் கிடைக்காது, ஆகவே ஜன்னலை மூடாமல் வையுங்கள்.