ஜப்பான் எம்பிராய்டரி கற்கத் துடிக்கும் மகள்: அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, வேலையை நம்பி மகளை ஜப்பானுக்கு அனுப்பாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எம்பிராய்டரி கற்றால் அங்கே வேலை கிடைக்குமா என்றுதான் உங்கள் கடிதத்தில் நாலு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கிமோனோ என்ற பாரம்பரிய உடை உடுத்துகிறவர்கள் அங்கேயே குறைந்துவிட்டார்கள். அதன் மேல் இடுப்பில் கட்டும் ஓபி, நோ என்ற பழைய முகமூடி நாடகத்தின் உடைகள், கோவில் திரைச்சீலைகள் என்று வருகிற கொஞ்சம் ஆர்டரை இருக்கிற கைவினைஞர்களே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கியோட்டோ நகரின் எம்பிராய்டரியான கியோ-நுய் 1976லும், கனசாவா நகரின் காகா-நுய் 1991லும் அரசு அங்கீகாரம் பெற்ற கலைகள்தான். ஆனால் பாரம்பரியக் கைவினைஞர் என்ற பட்டத்துக்குப் பரீட்சை எழுதவே 12 வருட அனுபவம் வேண்டும்.

அப்போ வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். ஆரி போட்டுப் பழகிய கை என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அடித்தளம். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் வைத்து வேலை செய்வது அவளுக்குப் புதிதல்ல. புதிது நூல்தான். அங்கே பயன்படுத்துவது முறுக்காத பட்டு, ஒரு நூலுக்குள் 12 மெல்லிய இழைகள் இருக்கும். பூவிதழுக்கு அப்படியே தட்டையாகப் போடுவார்கள், பளபளப்பு வேண்டுமே. காம்புக்கோ நரம்புக்கோ நூலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி ஒரு பக்கமாக முறுக்கி, அப்புறம் இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கி, தனக்கு வேண்டிய நூலைத் தானே செய்துகொள்ள வேண்டும். விரல் நுனி கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் பட்டு சிக்கிவிடும். பாத்திரம் தேய்க்கிற கைக்கு இது பெரிய சோதனை! இதற்கே மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், பிரைடல் பிளவுஸ் மாதிரி நாளைக்கே டெலிவரி கொடுக்கிற வேகமெல்லாம் இந்தக் கலையில் செல்லாது.

விசா விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரு குருவிடம் நேரடியாகக் கலை கற்க 'கலாசாரச் செயல்பாடு' என்று தனி விசாப் பிரிவு இருக்கிறது. அதில் சம்பாதிக்க முடியாது, செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான். யாரிடம், என்ன, எவ்வளவு காலம் கற்கப் போகிறாள் என்பதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். மாணவர் விசா என்றால் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம், ஆனால் அதற்கு அவள் ஒரு கல்வி நிறுவனத்தில் சேர்ந்திருக்க வேண்டும், வீட்டுப் பட்டறை அந்தக் கணக்கில் வராது. வேலையும் வாங்கித் தருகிறோம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

என் யோசனை இதுதான். டிகிரியை முடிக்கட்டும், இன்னும் ஒரு வருடம்தானே. கூடவே ஜப்பானிய மொழி படிக்கட்டும். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம், அதில் கீழிருந்து இரண்டாம் நிலையான என்4 அளவாவது வந்தால்தான் குரு "இங்கே தளர்வாக இருக்கிறது, பிரி" என்று சொல்வது காதில் ஏறும். மொழி வராது என்றால், அமெரிக்காவின் அட்லாண்டாவில் இதே கலையைப் 10 கட்டங்களாக ஆங்கிலத்தில் சொல்லித் தரும் மையம் ஒன்று இருக்கிறது, ஆனால் அந்தச் செலவும் சும்மா இல்லை. எங்கே போனாலும் முதலில் சில வாரப் பயிற்சிக்கு மட்டும் போய்வரட்டும், வருடக்கணக்கு அப்புறம்.

திரும்பி வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டீர்கள். உயர்தரக் கையெம்பிராய்டரிக்குச் சென்னையிலேயே இடம் உண்டு, 1993ல் பிரெஞ்சுக்காரர் ழான் பிரான்சுவா லெசாஜ் தொடங்கிய வஸ்த்ரகலா என்ற எம்பிராய்டரி நிறுவனம் அதற்கு ஓர் உதாரணம். பழைய துணிகளைப் பழுது பார்க்கும் அருங்காட்சியக வேலைக்கும் இந்தக் கை உதவும், ஆனால் அதற்குத் தனிப் படிப்பு வேண்டும்.

செமஸ்டர் லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். போட்ட வேலையில் இரண்டு துணி எடுத்து வரச் சொல்லுங்கள், பின்பக்கம் லைனிங் போட்டு மறைக்காததாக.